போரைத் துறந்த இரண்டு அரசியலமைப்புகள்: ஜப்பானின் 9ஆம் பிரிவு, பர்மாவின் 211ஆம் பிரிவு

மோல்மீன்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோயில் திருவிழா, விசா, பிள்ளைகள் படிப்பு என்று இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். இன்றைக்குக் கொஞ்சம் கனமான விஷயம். என்றைக்காவது இந்த பர்மாவுக்குப் புதிதாக ஓர் அரசியலமைப்பு எழுதுவார்கள். அப்போது நம் பர்மாத் தமிழர்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும் என்று பழைய அரசியலமைப்புகளை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1947ஆம் வருஷத்து பர்மா அரசியலமைப்பில் 211ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. நாட்டின் கொள்கையை நிறைவேற்றும் கருவியாகப் போரைப் பயன்படுத்துவதை பர்மா ஒன்றியம் துறக்கிறது, வெளிநாடுகளோடு நடந்துகொள்வதில் சர்வதேசச் சட்டத்தின் பொதுநெறிகளை ஏற்கிறது. இதுதான் அதன் சாரம். அரசியல் நிர்ணய சபை இதை ஏற்ற நாள் 1947 செப்டம்பர் 24. சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சானைச் சுட்டுக் கொன்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அதே வருஷம் மே 3ஆம் தேதி ஜப்பானில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவின் முதல் பத்தி கிட்டத்தட்ட நம் 211தான். போர் தொடுப்பதையும், நாடுகளுக்கு இடையிலான தகராறைத் தீர்க்கப் படைபலத்தைக் காட்டுவதையும் ஜப்பானிய மக்கள் என்றென்றைக்கும் துறக்கிறார்கள் என்கிறது. இரண்டுக்கும் மூலம் 1928இல் பாரிஸில் கையெழுத்தான போர்த் துறப்பு ஒப்பந்தம். ஒரே சண்டையில் நொறுங்கிப்போன இரண்டு நாடுகள், ஒரே வருஷத்தில், ஒரே மாதிரி வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டன.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஜப்பானின் தற்காப்புப் படை 1954இல் உருவானது. இன்றுவரை அது போரில் ஒருவரையும் சுட்டுக் கொன்றதில்லை. இங்கே 1948 ஜனவரி 4இல் சுதந்திரம். சில மாதங்களில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி, அடுத்த ஜனவரியில் கரேன் இனத்தாரோடு சண்டை, 1958இல் தளபதி நே வின்னின் காபந்து அரசு, 1962 மார்ச் 2இல் ஆட்சிக் கவிழ்ப்பு. கடையும் நிலமும் அரசுடைமையாகி, கட்டிய துணியோடு கப்பலேறிய உறவுக்காரர்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு.

இதில் எதையும் 211 தடுக்கவில்லை. தடுத்திருக்கவும் முடியாது. அண்டை நாட்டோடு சண்டைக்குப் போகாதே என்றுதான் அது சொல்கிறது. நம் பட்டாளத்தின் சண்டை எப்போதும் உள்நாட்டு மக்களோடுதானே! 2008 அரசியலமைப்பின் 42ஆம் பிரிவும் எந்த நாட்டின் மீதும் ஆக்கிரமிப்பைத் தொடங்க மாட்டோம் என்று சொல்கிறது. அந்த வாக்கை அவர்கள் சுலபமாகக் காப்பாற்றிவிடுவார்கள்.

ஜப்பானின் 9ஆம் பிரிவுக்கு இரண்டாவது பத்தி ஒன்று இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை, வேறு எந்தப் போர்த் திறனையும் வைத்துக்கொள்ள மாட்டோம், போர் புரியும் உரிமை அரசுக்கு இல்லை என்கிறது அது. அந்த நாட்டின் அரசியல் பண்பாட்டை வடித்தது இந்த இரண்டாவது பத்திதான் என்பது என் கட்சி. படை இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது இருப்பதற்கே எழுபது வருஷமாக ஒவ்வொரு அரசாங்கமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் பட்டாளம் யாருக்கும் காரணம் சொன்னதில்லை.

உங்கள் கருத்து என்ன?

ரங்கூன்வாசி எழுதியது:

அண்ணே, 211 பற்றி எனக்குத் தெரியாது. நன்றி. ஆனால் ஜப்பானைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு.

முதல் விஷயம், அந்த அரசியலமைப்பை எழுதியது யார்? 1946 பிப்ரவரியில், தோற்ற ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரின் அலுவலகத்தில் ஒரு வாரத்தில் வரைவு தயாரானது. போரைத் துறக்கும் யோசனை மக்ஆர்தருடையதா, பிரதமர் ஷிதேஹராவுடையதா என்று இன்றும் சண்டை நடக்கிறது. யாருடையதாக இருந்தாலும் தோற்ற நாட்டின் கையில் பேனா இல்லை. 1950இல் கொரியச் சண்டை தொடங்கியதும், ஆயுதத்தைக் கீழே போடச் சொன்ன அதே மக்ஆர்தர் 75,000 பேர் கொண்ட போலீஸ் படையைக் கட்டச் சொன்னார். அதுதான் வளர்ந்து தற்காப்புப் படையானது.

இரண்டாவது, அமெரிக்கா காவலுக்கு நின்றால் யாராலும் சமாதானம் பேச முடியும். ஜப்பானில் அமெரிக்கப் படைக்கு மட்டுமே ஒதுக்கிய நிலத்தில் சுமார் 70 சதவீதம் ஒகினாவாவில் இருக்கிறது. நாட்டின் பரப்பில் அந்தத் தீவுக் கூட்டம் 0.6 சதவீதம். 1972 மே மாதம் வரை ஒகினாவா அமெரிக்க ஆட்சியில்தான் இருந்தது. அதாவது 9ஆம் பிரிவு பிறந்து 25 வருஷம் அது அங்கே செல்லவே இல்லை. டோக்கியோக்காரர்களின் சமாதானத்துக்கு ஒகினாவாக்காரர்கள் விலை கொடுத்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

மூன்றாவது நம் விஷயம். 1988இல் இங்கே மாணவர்களைச் சுட்டுத் தள்ளிய பட்டாள அரசை 1989 பிப்ரவரியிலேயே ஜப்பான் அங்கீகரித்தது. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகும் நம் பட்டாளத்து அதிகாரிகளுக்கு ஜப்பானின் ராணுவக் கல்லூரியில் பயிற்சி நடந்தது. 2022 ஜூலையில் நம் பட்டாளம் நாலு பேரைத் தூக்கில் போட்ட பிறகுதான், அடுத்த வருஷத்திலிருந்து புதிய ஆட்களை எடுப்பதில்லை என்று ஜப்பான் முடிவு செய்தது. போரைத் துறந்த நாட்டின் பண்பாடு அந்த வகுப்பறைக்குள் ஏன் நுழையவில்லை? இது எனக்கு ஆறாத கேள்வி.

பெகு டீச்சர் எழுதியது:

ரங்கூன்வாசி தம்பி கேட்டது நியாயம். ஆனாலும் வெளியிலிருந்து வந்த ஒரு வாசகத்தை மக்கள் எப்படித் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நான் ஆசிரியை, அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து சொல்கிறேன்.

1947இல் ஜப்பானியக் கல்வி அமைச்சு பிள்ளைகளுக்காகப் புதிய அரசியலமைப்பை விளக்கி ஒரு சிறு பாடநூல் போட்டது. அதில் ஒரு படம். பெரிய கொப்பரை ஒன்று. வயிற்றில் ‘போர்த் துறப்பு’ என்று எழுதியிருக்கிறது. மேலே குண்டு, விமானம், டாங்கி எல்லாவற்றையும் கொட்டி உருக்குகிறார்கள். கீழே ரயில், கப்பல், தீயணைப்பு வண்டி, இரும்புக் கோபுரம் எல்லாம் வெளியே வருகின்றன. அவ்வளவுதான் படம். அந்தப் புத்தகம் சில வருஷத்தில் வகுப்பறையை விட்டுப் போய்விட்டது. ஆனால் அதைப் பார்த்துப் படித்த பிள்ளைகள்தான் 1960இல் அமெரிக்காவோடு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள்.

1951இல் ஜப்பான் ஆசிரியர் சங்கம் ஒரு முழக்கத்தை எடுத்தது: நம் மாணவர்களை மறுபடி போர்க்களத்துக்கு அனுப்பாதே. அதில் இருக்கிற ‘மறுபடி’யைக் கவனியுங்கள். முன்பு அனுப்பியவர்கள் இவர்களேதான். சக்கரவர்த்திக்காக உயிரைக் கொடு என்று கரும்பலகையில் எழுதிய கைகள் அவை. அந்தக் குற்ற உணர்ச்சிதான் 9ஆம் பிரிவுக்கு உயிர் கொடுத்தது. மக்ஆர்தர் அலுவலகத்தால் அதை எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

நம் பிள்ளைகள் என்ன பார்த்து வளர்கிறார்கள்? தலைநகர் நேப்பிடோவின் அணிவகுப்பு மைதானத்தில் அனவ்ரதா, பயின்னவுங், அலவுங்பயா மூன்று ராஜாக்களும் ஓங்கி நிற்கிறார்கள். மூவரும் படை நடத்தி நாட்டைப் பெருக்கியவர்கள். வருஷா வருஷம் மார்ச் 27இல் அவர்கள் காலடியில் பட்டாளம் நடக்கிறது. அந்தத் தேதி 1945இல் ஆங் சான் ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பிய நாள். மக்கள் எதிர்த்து எழுந்த நாளைப் பட்டாளத்தின் நாளாக மாற்றிவிட்டார்கள். பாடப் புத்தகத்தில் சிப்பாய் இருக்கிறான். சிப்பாயைக் கேள்வி கேட்ட குடியானவன் எங்கேயும் இல்லை.

ஒசாகாவில் இருப்பவன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பெகு பக்கத்துப் பையன்தான், இப்போது ஒசாகாவில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. 2024 பிப்ரவரியில் கட்டாயப் படைச் சேவைச் சட்டத்தை எடுத்தார்களே, அதற்குப் பிறகு கிளம்பி வந்தவர்களில் ஒருவன். 18 முதல் 35 வயது வரை ஆண்கள் என்று அறிவிப்பு வந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை.

இங்கே கட்டாயப் படைச் சேவை கிடையாது. ஏன் என்று ஜப்பானிய மொழி வகுப்பில் கேட்டேன். 9ஆம் பிரிவால் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். இல்லையாம். விருப்பமில்லாத வேலையில் ஒருவரைக் கட்டிப்போடக் கூடாது என்கிற 18ஆம் பிரிவும், ஒவ்வொருவரையும் தனிமனிதராக மதிக்க வேண்டும் என்கிற 13ஆம் பிரிவும்தான் தடை என்று அரசாங்கமே விளக்கம் கொடுத்திருக்கிறது. பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பதை அடிமை வேலையோடு சேர்த்துப் பேசுகிற ஓர் அரசாங்கம்! நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நேரில் பார்த்ததையும் சொல்கிறேன். மே 3 இங்கே விடுமுறை. ஸ்டேஷன் வாசலில் மடக்கு மேஜை போட்டு, வயதான அம்மாக்கள் நாலைந்து பேர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேஜை மேல் 9ஆம் பிரிவைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, மழைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள். பேனாவை நூலில் கட்டியிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் நிற்காமல் போனார்கள். எதிர்ப்பக்கம் ஒலிபெருக்கி வண்டியில் வேறு கூட்டம், அரசியலமைப்பை மாற்ற வேண்டும் என்று கத்தியது. போலீஸ்காரர் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் சும்மா நின்றார். யாரையும் அடிக்கவில்லை, யாருடைய பெயரையும் எழுதவில்லை. நான் கையெழுத்துப் போட முடியாது, வெளிநாட்டுக்காரன். ஒரு அம்மா என் ஊரைக் கேட்டார். மியன்மா என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

வேலையிடத்தில் என் வயதுக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் இல்லையா?

மோல்மீன்காரன் எழுதியது:

தம்பி, நீ எழுதியது மனசைத் தொட்டது. பத்திரமாக இரு.

ரங்கூன்வாசி சொன்ன அமெரிக்கக் குடை உண்மைதான். ஆனால் குடை வெளியிலிருந்து வரும் ஆபத்துக்குத்தான். உள்நாட்டில் படை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குக் குடை பதில் சொல்லாது. தென்கொரியாவுக்கும் அதே அமெரிக்கக் குடைதான். அங்கே 1961இலும் 1979இலும் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது, 1980இல் குவாங்ஜுவில் சொந்த மக்களைச் சுட்டது. ஜப்பானில் அப்படி நடக்கவில்லை. அங்கே வேறு ஏதோ வேலை செய்திருக்கிறது.

அது என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஹொக்கைடோவில் எனிவா என்ற ஊர். பால் பண்ணை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர். பக்கத்தில் தற்காப்புப் படையின் பீரங்கிப் பயிற்சித் தளம். வெடிச் சத்தத்தில் மாடுகளுக்குப் பால் குறைந்தது, சினை கலைந்தது. முறையிட்டார்கள். சுடுவதற்கு முன்னால் தகவல் சொல்வதாகப் படை ஒப்புக்கொண்டது. அப்புறம் சொல்லாமலே சுட்டது. 1962 டிசம்பரில் சகோதரர்கள் இருவரும் போய்ப் பயிற்சித் தளத்தின் தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டார்கள்.

படையின் தளவாடத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு. நீதிமன்றத்தில் அவர்கள் தரப்பு, கம்பியை அறுத்தோமா இல்லையா என்று வாதாடவில்லை. 9ஆம் பிரிவின்படி இந்தப் படையே இருக்கக் கூடாது, இல்லாத படைக்கு எங்கிருந்து தளவாடம் வந்தது என்று கேட்டார்கள். அரசாங்கம் திணறிப்போனது. நாடே அந்த வழக்கைப் பார்த்தது. 1967 மார்ச் 29இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், அந்தத் தொலைபேசிக் கம்பி சட்டம் சொல்கிற தளவாடத்தில் சேராது என்று இருவரையும் விடுதலை செய்தது. படை செல்லுமா செல்லாதா என்பதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்கே போகவில்லை.

ஆறு வருஷம் கழித்து அதே நீதிமன்றம் நழுவவில்லை. நாகநுமா என்ற ஊரில் ஏவுகணைத் தளத்துக்காகக் காப்புக் காட்டை அழிக்க அனுமதி கொடுத்ததை எதிர்த்து ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1973 செப்டம்பர் 7இல் தற்காப்புப் படையே அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பு வந்தது. 1976இல் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது, 1982இல் உச்ச நீதிமன்றம் வழக்கையே தள்ளியது. தோல்விதான். ஆனால் ஒரு மாவட்ட நீதிபதி நாட்டின் மொத்தப் படையையும் செல்லாது என்று எழுதிவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போனார்.

இப்போது நம் 2008 அரசியலமைப்பின் 343ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ராணுவ நீதி சம்பந்தப்பட்ட விஷயங்களில் தலைமைத் தளபதியின் முடிவே இறுதி. 20ஆம் பிரிவில் பட்டாளத்தின் எல்லாக் காரியங்களையும் தானே நிர்வகித்துக்கொள்ளும் உரிமை பட்டாளத்துக்கே. ஜப்பானில் 76ஆம் பிரிவு தனி நீதிமன்றங்களைத் தடை செய்வதால் ராணுவ நீதிமன்றமே கிடையாது. 66ஆம் பிரிவின்படி பிரதமரும் அமைச்சர்களும் சிவிலியன்களாக இருக்க வேண்டும். 9ஐத் தனியாகப் படிக்கக் கூடாது, இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மாடு வளர்க்கிறவர் படையைக் கூண்டில் ஏற்றலாம் என்பது எப்படிப்பட்ட குடிமகனை உருவாக்கும்! நம் ஊரில் பட்டாளம் நிலத்தை எடுத்துக்கொண்டால் நாம் எந்த வாசலுக்குப் போவோம்?

ஐராவதிக்கரை எழுதியது:

எல்லாம் சரி. ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021இல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் பானையைத் தட்டினார்கள், பிறகு வெறுங்கையோடு ஊர்வலம் போனார்கள். தலையில் சுட்டார்கள். அதற்கப்புறம்தான் காட்டுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சமாதான அரசியலமைப்பு என்று பேச எனக்கு வாய் வராது. சண்டை வேண்டாம் என்று சொல்லும் தகுதி அடிக்கிறவனை நிறுத்த முடிந்தவர்களுக்குத்தான் உண்டு.

பெகு டீச்சர் எழுதியது:

தம்பி, இதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. என் மாணவர்களும் போயிருக்கிறார்கள்.

9ஆம் பிரிவு கட்டிப்போடுவது அரசின் கையை. அடிபடுகிறவரின் கையை அது கட்டவில்லை. தோற்றவர்கள் மட்டும்தான் இப்படி எழுதுவார்கள் என்று நினைக்க வேண்டாம். கோஸ்டா ரிக்காவில் 1948இல் உள்நாட்டுச் சண்டை. ஜெயித்த பக்கத்தின் தலைவர் ஹோசே ஃபிகேரஸ். அதே வருஷம் டிசம்பர் 1இல் அவர் ராணுவத்தையே கலைத்தார். மறு வருஷம் அரசியலமைப்பின் 12ஆம் பிரிவில் நிரந்தர ராணுவம் கிடையாது என்று எழுதினார்கள். துப்பாக்கி எடுத்து ஜெயித்தவர்தான் அதைச் செய்தார். சுற்றிலும் உள்ள நாடுகளில் பட்டாளம் மாற்றி மாற்றி ஆட்சியைப் பிடித்த காலத்தில் அந்த நாடு தேர்தல் நடத்திக்கொண்டிருந்தது.

நம் பிள்ளைகள் ஜெயித்து வரும் நாளில் அவர்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் என்ன ஆகும்? இதை இப்போதே பேசியாக வேண்டும். 1941இல் ஜப்பானியர் உதவியோடு கட்டிய சுதந்திரப் படைதான் இன்றைய பட்டாளத்தின் வேர். விடுதலைக்காகக் கட்டிய படை விடுதலைக்குப் பிறகு வீட்டுக்குப் போகவில்லை.

ஐராவதிக்கரை எழுதியது:

இதை நான் அந்தப் பிள்ளைகளிடம் சொல்வேன் டீச்சர். கேட்பார்கள்.

ரங்கூன்வாசி எழுதியது:

எனிவா வழக்கு அருமை அண்ணே. ஆனால் அதே கதையின் மறுபக்கத்தையும் வைக்கிறேன். நீதிமன்றம் நழுவியது என்றீர்கள். அந்த நழுவலும் அந்த நாட்டின் அரசியல் பண்பாடுதான்.

1946 ஜூனில் நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் நோசாகா, தற்காப்புக்காகச் செய்யும் போர் நியாயம்தானே என்று கேட்டார். தற்காப்பு என்று சொல்லித்தான் எல்லாப் போரும் தொடங்குகிறது, அந்த நினைப்பே தீங்கு என்றார் பிரதமர் யோஷிடா. எட்டு வருஷத்தில் அதே யோஷிடாவின் அரசு தற்காப்புப் படையை அமைத்தது. எழுத்தை யாரும் தொடவில்லை. அர்த்தம் மட்டும் நகர்ந்தது. 1959 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அமெரிக்கத் தளங்கள் செல்லாது என்றது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இது உயர்ந்த அரசியல் தன்மை உள்ள விஷயம் என்று கையைக் கழுவியது.

1955இல் பிறந்த லிபரல் டெமாக்ரட்டிக் கட்சியின் நோக்கங்களில் அரசியலமைப்பைத் திருத்துவதும் ஒன்று. திருத்த இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பிறகு மக்கள் வாக்கெடுப்பு. எதிரே சோஷலிஸ்டுகள் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஆட்சிக்கு வருவதை விட அந்த மூன்றில் ஒன்றைக் காப்பதே அவர்கள் வேலையாகிவிட்டது. கடைசியில் 1994இல் அவர்கள் ஆளான முராயாமா பிரதமரானதும் படை செல்லும் என்று ஒப்புக்கொண்டார். கட்சி கரைந்தது.

2014 ஜூலை 1இல் பிரதமர் அபேயின் அரசு என்ன செய்தது? கூட்டாளி நாடு தாக்கப்பட்டாலும் சில சமயங்களில் ஜப்பான் படை இறங்கலாம் என்று அமைச்சரவைக் கூட்டத்திலேயே அர்த்தத்தை மாற்றியது. அதற்கு முந்தின வருஷமே, அரசியலமைப்புக்கு விளக்கம் சொல்லும் சட்ட அலுவலகத்தின் தலைவராக, வழக்கத்தை மீறி வெளியுறவுத் துறை ஆள் ஒருவரைப் போட்டிருந்தார்கள். 2022 டிசம்பரில் ஐந்து வருஷத்துக்கு 43 லட்சம் கோடி யென் பாதுகாப்புச் செலவு என்று முடிவு. எதிரியின் தளத்தையே தாக்கும் ஏவுகணை. 9ஆம் பிரிவில் ஓர் எழுத்துக் கூட மாறவில்லை.

எழுத்து இருக்க, அர்த்தம் போய்விட்டால் மக்களுக்குச் சட்டத்தின் மேல் இருக்கும் மரியாதையும் போகும். நாம் இதை வேறு விதமாகப் பட்டிருக்கிறோம். 2021 பிப்ரவரி 1இல் ஜனாதிபதியைப் பிடித்து உள்ளே போட்டு, பட்டாளம் நியமித்த துணை ஜனாதிபதியைத் தற்காலிக ஜனாதிபதி ஆக்கி, அவர் கையெழுத்தில் 417ஆம் பிரிவின் கீழ் நெருக்கடி நிலை என்றார்கள். எல்லாம் அரசியலமைப்புப்படி.

மோல்மீன்காரன் எழுதியது:

நீ சொன்ன 2014ஐயே எடுத்துக்கொள்வோம். அர்த்தத்தை மாற்றியதும் விஷயம் முடிந்துவிட்டதா? அதைச் சட்டமாக்க 2015 செப்டம்பர் 19 வரை ஆனது. அந்த ஜூன் 4இல் நாடாளுமன்றக் குழு மூன்று அரசியலமைப்புப் பேராசிரியர்களை அழைத்தது. ஒருவர் ஆளுங்கட்சியே அழைத்தவர், ஹசேபே யசுவோ. மூவரும் இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோடை முழுக்க நாடாளுமன்றத்துக்கு வெளியே மாணவர்களும் தாய்மார்களும் மழையில் நின்றார்கள். சட்டம் நிறைவேறியதுதான், ஆனால் எந்தெந்த நிலையில் மட்டும் படையை இறக்கலாம் என்று நிபந்தனைகளை உள்ளே எழுத வேண்டியிருந்தது.

1992இல் ஐ.நா. அமைதிப் பணிக்குப் படையை அனுப்பும் சட்டம் வந்தபோது எதிர்க்கட்சிக்காரர்கள் வாக்குப் போட அங்குலம் அங்குலமாக நடந்து இரவு பகலாக இழுத்தடித்தார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் கம்போடியாவுக்குப் போன படை சாலையும் பாலமும் போட்டது. 2004இல் ஈராக்குக்கு அனுப்பியதற்கும் வழக்கு. 2008 ஏப்ரலில் நகோயா மேல்நீதிமன்றம், விமானப்படை பாக்தாத்துக்கு ஆட்களை ஏற்றிப் போனது 9ஆம் பிரிவுக்கு விரோதம் என்று தீர்ப்பில் எழுதியது.

ஆகவே எழுத்து தேய்ந்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் தேய்க்கிற ஒவ்வொரு முறையும் பகல் வெளிச்சத்தில், கேமரா முன்னால், பதில் சொல்லிக்கொண்டே தேய்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டாயத்தைத்தான் நான் பண்பாடு என்கிறேன். பிரதமர் கிஷியின் 1960 நினைவிருக்கிறதா? அமெரிக்காவோடு செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தை ராத்திரியோடு ராத்திரியாக நிறைவேற்றினார். லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 15இல் கன்பா மிச்சிகோ என்ற மாணவி நாடாளுமன்ற வாசல் நெரிசலில் இறந்தார். ஒரு பெண் பிள்ளை இறந்ததற்குப் பிறகு அந்தப் பிரதமரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை, பதவி விலகினார். இங்கே 2021 பிப்ரவரியில் மியா தொயே தொயே கைன் என்ற பெண் பிள்ளையைத் தலையில் சுட்டார்கள். யாருடைய நாற்காலியும் அசையவில்லை.

பெகு டீச்சர் எழுதியது:

எனக்கும் ஜப்பானியச் சமாதானத்தின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர்கள் நினைவில் ஹிரோஷிமா இருக்கிறது. 2024இல் அணுகுண்டுக்குத் தப்பியவர்களின் அமைப்புக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் நம் தன்புசயாட்? போர்க் காலத்தில் ஜப்பானியப் படை சயாமிலிருந்து இங்கே வரை போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்து வந்த தமிழ்ச் சனங்கள் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். பர்மியர், மலாய்க்காரர் எல்லாரையும் சேர்த்து ஆசியத் தொழிலாளிகளில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பீடு. தன்புசயாட் கல்லறைத் தோட்டத்தில் நேசநாட்டுச் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகப் பெயரோடு கல் இருக்கிறது, புல்லை அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் சனங்களுக்கு அங்கே பெயரும் இல்லை, குழியும் இல்லை.

நாம் பட்ட துன்பம் இனி யாருக்கும் வேண்டாம் என்பது பெரிய வாக்குத்தான். நாம் செய்த துன்பம் இனி வேண்டாம் என்பது அதை விடக் கஷ்டமான வாக்கு. 1995 ஆகஸ்டில் முராயாமா ஆசிய மக்களிடம் மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டார். ஆனால் அது நாட்டின் பொது நினைவில் ஹிரோஷிமா அளவுக்கு இறங்கவில்லை. ரங்கூன்வாசி கேட்ட ராணுவக் கல்லூரிக் கேள்விக்கு என் பதில் இதுதான். தன் பிள்ளைகள் சாகக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கும் நாடு, பிறர் பிள்ளைகளைக் கொல்கிறவனுக்குப் பயிற்சி கொடுப்பதில் அதே கூச்சத்தைக் காட்டவில்லை.

நமக்கும் இது பொருந்தும். ரோஹிங்கியா மக்களை 2017இல் விரட்டியபோது நம் ஊரில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? புதிய அரசியலமைப்பில் நாம் பட்டதை மட்டும் எழுதினால் போதாது.

ஒசாகாவில் இருப்பவன் எழுதியது:

டீச்சர், எங்கள் இல்லத்தில் 90 தாண்டிய ஒரு தாத்தாவின் அண்ணன் பர்மாவில் இறந்திருக்கிறார். நான் அங்கிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் அண்ணன் செத்த இடம் எப்படி இருக்கும் என்று கேட்டார். வெயில் எப்படி, ஆறு இருக்குமா என்று. நான் சொன்னேன். தன்புசயாட் பற்றியும் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை என்றார். மறுநாள் மகளை வரச்சொல்லி, அதைப் பற்றிப் புத்தகம் வாங்கி வரச் சொன்னார்.

ஒரு சந்தேகம் அண்ணே. நாம் புதிதாக எழுதும்போது 9ஆம் பிரிவை அப்படியே கேட்க முடியுமா? பக்கத்தில் சீனா, இந்தியா, தாய்லாந்து. உள்ளே இத்தனை ஆயுதக் குழுக்கள்.

மோல்மீன்காரன் எழுதியது:

அப்படியே முடியாது தம்பி. படையே இல்லாத பர்மாவை இன்று கரேன்காரரும் ஏற்க மாட்டார், காச்சின்காரரும் ஏற்க மாட்டார். பட்டாள ஆட்சியை எதிர்ப்பவர்கள் 2021 மார்ச் 31இல் வெளியிட்ட கூட்டாட்சி ஜனநாயக சாசனம், படைகள் தேர்ந்தெடுத்த சிவில் அரசுக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் வெறும் கட்டளையாக இருந்தால் அதுவும் 211 மாதிரிதான்.

நான் கேட்க விரும்புவது, உள்நாட்டு மக்கள் மீது படையை ஏவுவதைத் துறக்கும் ஒரு பிரிவு. அதை மீறினால் எந்தக் குடிமகனும் சாதாரண நீதிமன்றத்தில் வழக்குப் போட உரிமை வேண்டும், ராணுவத்துக்கென்று தனி நீதிமன்றம் கூடாது. திருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். ஜப்பானில் பூட்டின் சாவி மக்கள் வாக்கெடுப்பில் இருக்கிறது. நம் 436ஆம் பிரிவில் 75 சதவீதத்துக்கு மேல் வாக்கு வேண்டும், 25 சதவீத இடம் பட்டாளத்துக்கு. சாவி அவர்கள் பையில். அந்தப் பூட்டைச் சட்ட வழியில் எப்படித் திறக்கலாம் என்று யோசித்த வழக்கறிஞர் ஊ கோ நியை 2017 ஜனவரி 29இல் ரங்கூன் விமான நிலைய வாசலில் பேரப் பிள்ளையைக் கையில் வைத்திருந்தபோது சுட்டார்கள். அவர் முஸ்லிம், இந்திய வம்சாவளியும் கலந்தவர். நம்மைப் போன்றவர்கள் இந்த நாட்டின் அரசியலமைப்பைப் பற்றி என்ன பேசிவிட முடியும் என்று யாராவது கேட்டால் நான் அவர் பெயரைச் சொல்வேன்.

ஐராவதிக்கரை எழுதியது:

1982 குடியுரிமைச் சட்டத்தில் நம்மில் பலர் இன்னும் இரண்டாந்தரக் குடிமக்கள். ‘எந்தக் குடிமகனும்’ என்று எழுதினால் நாம் விடுபட்டுப் போவோம். இந்த மண்ணில் வாழும் எவரும் வழக்குப் போடலாம் என்று எழுதச் சொல்லுங்கள் அண்ணே.

மோல்மீன்காரன் எழுதியது:

அப்படியே எழுதுவோம். அது இல்லாமல் மற்றது எதுவும் நமக்கு உதவாது.

பெகு டீச்சர் எழுதியது:

ஞாயிறு வகுப்பில் பெரிய பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஜப்பானின் 9, 13, 18, 66, 76, நம் 1947இன் 211, 2008இன் 20, 42, 343, 436 எல்லாவற்றையும் தமிழிலும் பர்மியத்திலும் அருகருகே போட்டு அடுத்த வாரம் இங்கே ஏற்றுகிறேன். பர்மியத்தை யாராவது சரிபார்க்க வேண்டும்.

ரங்கூன்வாசி எழுதியது:

நான் பார்க்கிறேன் டீச்சர். 417ஐயும் சேர்த்துவிடுங்கள். கோஸ்டா ரிக்காவின் 12ஆம் பிரிவு முழுசாக வேண்டும், அதில் அவசரத்துக்குப் படை திரட்டலாம் என்று ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. பிள்ளைகள் அதையும் பார்த்துவிட்டு வாதாடட்டும்.